சங்கு ஊதினால் ஆற்றுக்கு: வி.கே.புரம் பயணக் குறிப்புகள்

வெள்ளி, இரவு

எழும்பூரில் நெல்லை எக்ஸ்பிரஸ் கிளம்பி தாம்பரம் தாண்டிவிட்டது. கீழ் பெர்த்தில் அம்மா, எதிரே கல்லூரிக்குப் போகும் என் மகன். சீட்டுக்கு அடியில் ஒரு பழைய பிஸ்கட் டின். அதற்குள் அப்பாவின் தூண்டில் சாமான்கள்: முள், ஈயக் குண்டு, மயிலிறகுத் தண்டை வெட்டிச் செய்த தக்கைகள், நரம்பு சுற்றிய கட்டை. அப்பா போய் ஒரு வருடம் ஆகிறது. திவசத்தைத் தம்பி சென்னையிலேயே முடித்துவிட்டான். இது வேறு பயணம். ஊரைப் பார்க்க வேண்டும் என்று அம்மா சொன்னாள், டின்னைச் சித்தப்பாவிடம் கொடுக்க வேண்டும் என்றும் சொன்னாள். வேறு காரணம் எதற்கு?

கடைசி வருடங்களில் அப்பா எங்களோடுதான் இருந்தார். ஒருநாள் ஆசையாகப் போரூர் ஏரிக்குக் கூட்டிப் போனேன். கரையில் நின்று கொஞ்ச நேரம் பார்த்தார். "நிக்கிற தண்ணி" என்றார். திரும்பிவிட்டோம்.

அப்பாவைப் பற்றி யார் கேட்டாலும் "மில் தொழிலாளி" என்றுதான் சொல்வேன். சரிதான், 1969-ல் பதிலியாக, அதாவது வராதவருக்குப் பதில் நிற்கிற ஆளாகச் சேர்ந்து 2006-ல் ஓய்வு பெற்றவர். ஆனால் அந்தச் சொல்லைக் கேட்டதும் எல்லோர் மனதிலும் வருகிற ஆள் வேறு. இருட்டான கூடத்தில் இயந்திரத்துக்கு நடுவில் நிற்கிற, களைத்துப் போன மனிதர். எனக்கு நினைவில் இருக்கிறவர் ஈர வேட்டியைத் தோளில் போட்டுக்கொண்டு வாய்க்கால் கரையில் வேகமாக நடக்கிறவர். இந்தக் குறிப்புகளை அவருக்காக எழுதுகிறேன். நாளைக்கு ஊர் போய்ச் சேர்ந்த பிறகு மீதி.

சனி

நெல்லை ஜங்ஷனில் இட்லி. அதிலிருந்து செங்கோட்டை பாசஞ்சர். பேட்டை தாண்டியதும் இரண்டு பக்கமும் வயல். பிசானப் பருவத்து நெல் கதிர் பிடித்து நிற்கிறது. அம்மா ஜன்னல் கம்பியைப் பிடித்தவள் அம்பாசமுத்திரம் வரை விடவில்லை.

சின்ன வயதில் இந்த ரயிலில் போகும்போதெல்லாம் அப்பா எங்களிடம் அணைக்கட்டுகளை ஒப்பிக்கச் சொல்வார். தாமிரபரணியில் எட்டு. மலையிலிருந்து கடல் நோக்கி வரிசையாகச் சொல்ல வேண்டும்: கோடைமேலழகியான், நதியுண்ணி, கன்னடியன், அரியநாயகிபுரம், பழவூர், சுத்தமல்லி, மருதூர், ஸ்ரீவைகுண்டம். வாய்ப்பாட்டில் பதிமூன்றாம் வாய்ப்பாடு எனக்கு இன்றைக்கும் தகராறு. இது மட்டும் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் வரும். ஒவ்வொன்றுக்கும் அவரிடம் ஒரு குறிப்பு உண்டு. இதில் குளிக்கலாம், இதில் சுழல், இதில் ஆரால் கிடைக்கும். எந்த அணைக்கட்டில் எத்தனை ஏக்கர் பாசனம் என்பது அவருக்குத் தெரியுமோ என்னவோ, எங்கே எந்த மீன் என்பது தெரியும்.

அம்பாசமுத்திரத்தில் இறங்கி பஸ். விக்கிரமசிங்கபுரம் என்று முழுப் பெயரைச் சொல்லி டிக்கெட் கேட்டால் வெளியூர்க்காரர் என்று அர்த்தம். வி.கே.புரம் என்றுதான் கேட்க வேண்டும். மகன் முழுப் பெயரைச் சொன்னான். கண்டக்டர் ஒரு பார்வை பார்த்தார்.

சித்தப்பா வாசலிலேயே நின்றார். "வா தாயி, மயினி வாங்க. ஏ பேரப்புள்ள, என்னடே இப்படி ஒல்லியா இருக்க!" தெருவே திரும்பிப் பார்க்கிற சத்தம். மில்லில் நூல் நூற்கிற ஸ்பின்னிங்கில் வேலை பார்த்தவர்கள் அப்படித்தான் பேசுவார்கள். நூலை முறுக்கிச் சுற்றுகிற கதிர்கள் நூற்றுக்கணக்கில் சுழல்கிற கூடத்தில் மெதுவாகப் பேசிப் பயனில்லை. அப்பாவும் சித்தப்பாவும் தூரத்தில் நின்றால் பேசவே மாட்டார்கள், கையால்தான். கட்டை விரலை வாயருகே கொண்டுபோனால் டீ. விரலைத் தரையை நோக்கிச் சுழற்றினால் ஆறு. கல்யாண வீட்டுப் பந்தியில் இந்த முனையில் ஒருவர், அந்த முனையில் ஒருவர் உட்கார்ந்து இந்தக் கைப்பேச்சிலேயே மாலைத் திட்டம் போட்டு முடித்துவிடுவார்கள்.

சாயங்காலம் மில் கேட் வரை நடந்தோம். மகனுக்கு ஒரு சந்தேகம்: பெரிய ஊர், துறைமுகம் எல்லாம் இருக்கும்போது இவ்வளவு உள்ளே, மலையடிவாரத்தில் ஏன் மில்? நல்ல கேள்வி. பதில் தண்ணீர்தான். ஸ்காட்லாந்திலிருந்து வந்த ஆண்ட்ரூ ஹார்வி, பிராங்க் ஹார்வி சகோதரர்கள் 1880-களில் இங்கே பஞ்சாலை தொடங்கியபோது இந்தப் பக்கத்தில் மின்சாரம் கிடையாது. பாபநாசத்தில் தாமிரபரணி மலையிலிருந்து இறங்கி விழுகிறது. அந்த விழும் தண்ணீரின் வேகத்தைக் கொண்டே இயந்திரத்தை ஓட்டினார்கள். கரிசல் காட்டுப் பஞ்சு ஆற்றைத் தேடி வந்தது. பிறகு தூத்துக்குடியில் கோரல் மில், மதுரையில் மதுரா மில் என்று அவர்கள் தொழில் பரந்தது. 1974-ல் பெயர் மதுரா கோட்ஸ் ஆனது. ஊர் வாயில் இன்றைக்கும் ஹார்வி மில்தான்.

ஆக, அப்பா பகலெல்லாம் நின்ற இயந்திரத்துக்கு ஆதி காரணம் அவர் குளித்த அதே ஆறு. இதை அவர் ஒரு பெரிய விஷயமாகச் சொன்னதில்லை. "தண்ணி இல்லாட்டா மில்லும் இல்ல, நானும் இல்ல" என்பார், அவ்வளவுதான்.

அப்பா சைடர். ரிங் பிரேம் என்கிற நூற்பு இயந்திரத்தில் அறுகிற நூலைப் பார்த்துப் பார்த்து இணைக்க வேண்டும். இரண்டு பக்கமும் நடந்துகொண்டே இருக்கிற வேலை. ஒரு ஷிப்ட்டில் எத்தனை மைல் நடப்பார் என்று கணக்குப் போட்டதில்லை. மலையேற்றத்துக்குத் தனியாகப் பயிற்சி எடுக்க வேண்டிய தேவை அவருக்கு இருக்கவில்லை என்பது மட்டும் நிச்சயம்.

எங்கள் வீட்டில் காலண்டரைவிட ஷிப்ட்தான் முக்கியம். வாரத்துக்கு வாரம் மாறும். முதல் ஷிப்ட் வாரத்தில் மதியத்துக்கு மேல் அப்பா எங்களுக்குச் சொந்தம். பள்ளிக்கூடம் விட்டதும் ஆறு. நான் நீச்சல் பழகியது அந்த வாரங்களில்தான். மில்லில் கழித்துப்போட்ட கதிர் நாடாவை, அதாவது கதிரைச் சுழற்றுகிற நாடாவை, இடுப்பில் கட்டி, அதில் காய்ந்த சுரைக்குடுக்கையைக் கோத்து, "போ" என்று தள்ளிவிடுவார். அந்த நாடா அறுகவே அறுகாது. எங்கள் தெருவில் கட்டில் பின்னுவது, ஆட்டைக் கட்டுவது, தொட்டில் போடுவது எல்லாமே அந்த நாடாவில்தான்.

இரண்டாம் ஷிப்ட் வாரம் மோசம். நாங்கள் பள்ளியிலிருந்து வரும்போது அவர் போயிருப்பார், நாங்கள் தூங்கிய பிறகு வருவார். அந்த வாரம் முழுக்க அப்பா என்பவர் ராத்திரியில் கேட்கிற சைக்கிள் ஸ்டாண்ட் சத்தம்.

மூன்றாம் ஷிப்ட் வாரம்தான் அவருக்குப் பொன்னான வாரம். ராத்திரி முழுக்க வேலை பார்த்த மனிதர் காலையில் ஷிப்ட் முடிகிற மில் சங்கு ஊதியதும் வீட்டுக்கு வரமாட்டார். தலை, புருவம், மீசை எல்லாம் பஞ்சோடு நேராக ஆற்றுக்குப் போவார். தூண்டில் எப்போதும் சைக்கிளில் செருகியே இருக்கும். பத்து மணிக்கு மேல் மீனோடோ மீன் இல்லாமலோ வந்து, பழைய சோற்றைக் குடித்துவிட்டுப் படுப்பார். அம்மா இன்றைக்கும் அதை மன்னிக்கவில்லை. "ஊரெல்லாம் நைட்டு பாத்துட்டுப் படுத்துத் தூங்கும். இவுகளுக்கு மட்டும் தூக்கம் ஆத்துக்கு அந்தப் பக்கம் இருக்கும்" என்றாள் சித்தியிடம், இரவுச் சாப்பாட்டின்போது.

இப்படி ஒரு மனிதருக்கு மிச்ச நேரம் என்று ஒன்று இருந்ததே சும்மா வந்ததல்ல. தூத்துக்குடி கோரல் மில்லும் இதே ஹார்விகள் நடத்தியதுதான். 1908 பிப்ரவரி 27-ந் தேதி அங்கே வேலைநிறுத்தம் தொடங்கியது. வ.உ.சி.யும் சுப்பிரமணிய சிவாவும் துணை நின்றார்கள். கூலி உயர்வோடு தொழிலாளர்கள் கேட்டு வாங்கியவற்றில் ஒன்று வார விடுமுறை. அடுத்த சில நாட்களிலேயே வ.உ.சி. கைதானார், திருநெல்வேலி கொந்தளித்தது. அதையெல்லாம் பள்ளியில் படிக்கிறோம். ஞாயிற்றுக்கிழமை கிடைத்த கதை பாடத்தில் அடி வரியாகத்தான் வருகிறது. பிறகு 1948 தொழிற்சாலைச் சட்டம் வாரத்துக்கு 48 மணி நேரம் என்று வரம்பு கட்டியது. அப்பா நின்று மீன் பிடித்த கரை எனக்கு அந்த இரண்டின் மேலேயும் நிற்பதாகத்தான் படுகிறது. செக்கிழுத்த செம்மலுக்குத் தூண்டிலோடும் ஒரு தொடர்பு உண்டு என்று சித்தப்பாவிடம் சொன்னேன். "யூனியன் கூட்டத்துல பேசிருக்கலாமே நீ" என்றார்.

ஞாயிறு

பாபநாசம் கோயில் படித்துறை. அம்மா முங்கிக் குளித்தே ஆக வேண்டும் என்றதால் விடியற்காலையிலேயே போய்விட்டோம். தை மாதத் தண்ணீர், காலை வைத்ததும் உடம்பு தூக்கிப்போட்டது.

பாபநாசநாதரும் உலகம்மையும் இருக்கிற கோயில். தாமிரபரணிக் கரையின் ஒன்பது சிவன் கோயில்களான நவகயிலாயத்தில் முதலாவது. வாசலில் பொரி வாங்கிப் போட்டால் படித்துறையில் மீன்கள் கூட்டமாக ஏறி வரும். கைநீளத்துக்கு இருக்கிறவை, பயமே கிடையாது. யாரும் தொடமாட்டார்கள், சாமி மீன். அப்பாவும் இங்கே தூண்டிலை எடுத்ததே இல்லை. அந்த மீன் கோயிலைத் தாண்டிக் கீழே நீந்தி வந்தால் என்ன செய்வீர்கள் என்று ஒருமுறை கேட்டேன். "அது அதோட தலையெழுத்து" என்றார்.

ஒரு விஷயத்தை எரிச்சலோடு எழுதாமல் இருக்க முடியவில்லை. பரிகாரம் என்று குளித்துவிட்டுக் கட்டியிருந்த துணியை ஆற்றிலேயே விட்டுவிட்டுப் போகிற வழக்கம் இன்னும் நிற்கவில்லை. படியிலிருந்து கொஞ்சம் கீழே பாறை இடுக்கெல்லாம் சேலையும் வேட்டியும் சிக்கிக் கிடக்கின்றன. அவ்வப்போது ஆட்கள் இறங்கி மூட்டை மூட்டையாக அள்ளுகிறார்கள். பாவத்தை விடுகிறார்களாம். ஆறு என்ன பாவம் செய்தது?

குளித்துவிட்டு அகஸ்தியர் அருவி. இங்கே வருடம் முழுக்கத் தண்ணீர் விழும், குற்றாலம் மாதிரி சீசனுக்குக் காத்திருக்க வேண்டியதில்லை. அருவிக்கு மேலே கல்யாண தீர்த்தம். அங்கே கூட்டிப்போகும்போதெல்லாம் அப்பாவின் குரல் மாறிவிடும். 1925 ஜூனில் வ.வே.சு. ஐயர் இங்கேதான் இறந்துபோனார். சேரன்மாதேவியில் குருகுலம் நடத்திக்கொண்டிருந்தவர், பிள்ளைகளோடு இங்கே வந்தார். மகள் சுபத்திரை தண்ணீரில் விழ, காப்பாற்றக் குதித்தவரும் திரும்பவில்லை. லண்டனிலிருந்து போலீஸ் கண்ணில் மண்ணைத் தூவித் தப்பி வந்த மனிதர். குருகுலத்துச் சாப்பாட்டுப் பந்திச் சண்டையைப் பற்றி அப்பாவுக்குக் கடுமையான கருத்து உண்டு, அதை வேறொரு நாள் எழுதலாம். எங்களிடம் சொன்னது இவ்வளவுதான்: "நீச்சல் தெரியுமாங்கிறத ஆத்துகிட்டக் காட்டாத. பாறை வழுக்கும்." நானும் என் மகனிடம் அதையே சொன்னேன். அவன் செல்போனைப் பையில் போட்டுக்கொண்டு ஒழுங்காகக் கம்பியைப் பிடித்து நடந்தான்.

மதியத்துக்கு மேல் சித்தப்பாவிடம் டின்னைக் கொடுத்தோம். திறந்து ஒவ்வொன்றாக எடுத்து வைத்தார். தக்கைகளைப் பார்த்ததும், "இது நான் செஞ்சது. அண்ணன் எங்கிட்டேருந்து எடுத்துட்டுப் போனது" என்றார். "அப்ப வட்டியோட வந்திருச்சுன்னு வச்சுக்கிடுங்க" என்றாள் அம்மா.

உடனே கிளம்பிவிட்டார். கோடைமேலழகியான் அணைக்கட்டுக்குப் பக்கத்தில், மருத மரத்து நிழல். மண்புழுவை அவரே தோண்டி வைத்திருந்தார். நானும் வீசினேன். கை மறக்கவில்லை.

அப்பாவுக்கு மீன் பிடிப்பதில் சில கட்டுப்பாடுகள் உண்டு. புதுத் தண்ணீர் வரும்போது மீன்கள் எதிர்த்து ஏறும், வாய்க்கால் மடையில் கூடையை வைத்தாலே போதும். ஊரே அள்ளும். அவர் போகமாட்டார். அத்தனையும் சினை மீன். தண்ணீரில் வெடித் தோட்டா போட்டு மீன் பிடிக்கிறவர்களைக் கண்டால் கை ஓங்கிவிடுவார். இத்தனைக்கும் அதில் ஒருவர் எங்களுக்குச் சொந்தம், ஒரு கல்யாணத்துக்கே அதனால் நாங்கள் போகவில்லை. விரலைவிடச் சின்னதாக இருந்தால் முள்ளிலிருந்து பக்குவமாக எடுத்துத் திரும்ப விட்டுவிடுவார். ஸ்பின்னிங்கில் அறுந்த நூலை எடுக்கிற அதே விரல். கெளுத்தியைப் பிடிக்கும்போது மட்டும் எங்களைத் தள்ளி நிற்கச் சொல்வார். அதன் முள் குத்தினால் ராத்திரி முழுக்கக் கடுக்கும்.

இன்று கிடைத்தது நாலைந்து ஜிலேபிக் கெண்டையும் ஒரு கெளுத்தியும். எங்கிருந்தோ வந்த இந்த ஜிலேபி மற்றதையெல்லாம் தின்றுவிட்டது என்று சித்தப்பாவுக்குக் கோபம். முன்பெல்லாம் சாதாரணமாக வந்த ஆரால் இப்போது அபூர்வம் என்றார். சித்தி தேங்காய் அரைத்து, மாங்காய் போட்டுக் குழம்பு வைத்தாள். ஜிலேபி என்று தெரியாமல் சாப்பிட்டால் குறை சொல்ல ஒன்றுமில்லை.

திங்கள்

காரையாறு பஸ். பாபநாசம் சோதனைச் சாவடியில் பையைத் திறந்து பார்க்கிறார்கள், பிளாஸ்டிக் கூடாது. அம்மா கொண்டுவந்த முறுக்குக் கவரைப் பிரித்துத் தூக்குவாளியில் கொட்டச் சொன்னார் வனக்காவலர். அம்மா ஏதோ முணுமுணுத்தாள். எனக்கு அந்தக் காவலரைப் பிடித்திருந்தது.

1988-லிருந்து இது களக்காடு முண்டந்துறை புலிகள் காப்பகம், தமிழ்நாட்டில் முதலாவது. அப்பா புலியைப் பார்த்ததில்லை. சிறுத்தையைப் பார்த்திருக்கிறார். அதற்குக் காட்டுக்குள் வர வேண்டியதுகூட இல்லை, அனவன்குடியிருப்புப் பக்கம் நாய்க்கும் ஆட்டுக்குமாக அதுவே ஊருக்குள் இறங்கி வரும். இன்று எங்களுக்குக் கிடைத்தது கருமந்திக் கூட்டம் ஒன்றும், சாலையோரம் நின்று எங்களை அலட்சியமாகப் பார்த்த ஒரு மிளா மானும்.

சொரிமுத்து ஐயனார் கோயிலில் இறங்கினோம். திங்கட்கிழமை, ஆள் நடமாட்டமே இல்லை. ஆற்றுச் சத்தம் மட்டும். ஆடி அமாவாசைக்கு மட்டுமே இந்த இடத்தைப் பார்த்தவர்கள் இப்போது பார்த்தால் நம்பமாட்டார்கள்.

எங்கள் குடும்பத்துக்கு வருடத்தில் உண்மையான பண்டிகை ஆடி அமாவாசைதான், தீபாவளியெல்லாம் அப்புறம். அப்பா லீவை வருடம் முழுக்கச் சேர்த்து வைத்து இதற்குத்தான் எடுப்பார். மில்லில் பாதிப் பேர் அப்படித்தான் என்பதால் லீவு கேட்பதிலேயே பெரிய அரசியல் நடக்கும். அரிசி மூட்டை, அண்டா, அம்மி, பாய், ஹரிக்கேன் விளக்கு, பிள்ளைகள், கோழி, ஆடு என்று லாரியில் ஏற்றிக்கொண்டு தெருவே கிளம்பும். ஆற்றங்கரையில் கம்பு நட்டு, தட்டி கட்டி, ஓலை வேய்ந்து குடில். நாலைந்து நாள் அங்கேயே வாசம். அப்பாவும் மில் சேக்காளிகளும் குடில் கட்டுகிற வேகத்தைப் பார்க்க வேண்டும். எல்லா முடிச்சும் கதிர் நாடா முடிச்சு. மழை நனைத்த விறகு எரியாது என்று அடுத்த குடிலில் ஊதிக்கொண்டிருப்பார்கள். எங்கள் அடுப்பில் மண்ணெண்ணெயில் தோய்த்த கழிவுப் பஞ்சு ஒரு பிடி போதும்.

மலையில் மழை பெய்தால் ராத்திரியில் ஆறு உயரும். அப்பா தண்ணீர் ஓரத்தில் ஒரு குச்சியை நட்டு வைத்துவிட்டு, நடுநடுவே எழுந்து போய்ப் பார்ப்பார். மூன்றாம் ஷிப்ட் பழக்கம், தூக்கம் வராது. மற்றவர்கள் அவரை நம்பித் தூங்குவார்கள்.

மகனுக்கு மணி விழுங்கி மரத்தைக் காட்டினேன். நேர்த்திக்கடனாகக் கட்டிய மணிகளைப் பட்டை வளர்ந்து மூடி உள்ளே இழுத்துக்கொண்ட இலுப்பை மரம். அடுத்து பட்டவராயர் சன்னதி. அவருக்குக் காணிக்கை தோல் செருப்பு. அவர் ராத்திரியில் போட்டு நடப்பதால் அடுத்த வருடம் பார்க்கும்போது செருப்பு தேய்ந்திருக்கும் என்பது நம்பிக்கை. அப்பா ஒரு வருடம் செருப்பு கட்டினார். தம்பிக்கு உடம்பு சரியில்லாமல் இருந்து தேறிய வருடம் அது. தனக்கு ஒரு ஜோடி வாங்காமல் சாமிக்கு வாங்கினார் என்று அம்மா இப்போது சொன்னாள். எனக்கு அது இதுவரை தெரியாது.

ஆடி அமாவாசையன்று சிங்கம்பட்டி ஜமீன்தார் ராஜ உடையில் வந்து உட்கார்வதைப் பார்க்கப் பிள்ளைகள் முண்டியடிப்போம். கடைசியாகப் பட்டம் கட்டியவர் முருகதாஸ் தீர்த்தபதி, 2020-ல் காலமானார். தலைப்பாகையும் நகையுமாக அவரைப் பார்த்தபோது எனக்குப் பெரிய ஆச்சரியம். அப்பாவுக்கு அதில் எல்லாம் அக்கறை இல்லை. அந்த நேரத்தில் மேலே ஏதாவது கசத்தில் குளித்துக்கொண்டிருப்பார்.

இப்போது குடில் போடுவதற்கும் தங்குவதற்கும் கட்டுப்பாடு அதிகம். சித்தப்பாவுக்கு வருத்தம்: "சாமி எங்களுது, ஆறு எங்களுது, நேரம் மட்டும் அவுகளுது." எனக்குப் பாதி சம்மதம். லட்சக்கணக்கில் ஆட்கள் வந்து போன மறுநாள் இந்தக் கரை எப்படிக் கிடக்கும் என்பதையும் பார்த்தவள் நான். நாங்கள் போன காலத்தில் இலையில் சாப்பிட்டோம், மண்சட்டியில் சமைத்தோம். அதே பழக்கம் இருந்திருந்தால் கட்டுப்பாடே வந்திருக்காதோ என்னவோ.

காரையாறு அணை வரை போனோம். எதிரே, நீர்ப்பரப்புக்கு அந்தப் பக்கம் பாணதீர்த்தம். முன்பு படகில் போவோம். இப்போது படகு கிடையாது. சித்தப்பா மதகுப் பக்கத்துச் சுவரில் சாய்ந்துகொண்டு பொதிகைக் கதையை ஆரம்பித்தார். இதைப் பலமுறை கேட்டிருக்கிறேன், இந்த இடத்தில் நின்று கேட்டதில்லை.

நானெல்லாம் பிறப்பதற்கு முன்பு, மில் ஆட்கள் சிலர் சேர்ந்து அகத்தியர் மலைக்கு நடந்தார்கள். 1868 மீட்டர் உயரம். பாணதீர்த்தம், துலுக்கமொட்டை, கன்னிகட்டி என்று காடே வழி. கூட வழிகாட்டியாக, இந்த மலைப் பழங்குடியான காணிக்காரர் ஒருவர். மூன்றாம் ஷிப்ட் முடிந்து அப்படியே கிளம்பினார்களாம், ஒரு பகல் மிச்சமாகுமே என்று! அவல், கருப்பட்டி, உப்பு, கருவாடு. அட்டை ஏறாமலிருக்க காலில் வேப்பெண்ணெயும் புகையிலையும். கன்னிகட்டிக்கு மேலே யானை வழிமறித்து நின்றதில் அரைநாள் போய்விட்டது. "அண்ணன் அங்கன உக்காந்து என்ன செஞ்சாகங்க? மரத்துல சாஞ்சு தூங்கினாக. யானை நிக்கி, இவுக குறட்டை விடுதாக."

உச்சியில் அகத்தியர் சிலைக்குக் கீழே காற்று ஆளைத் தள்ளுமாம். நின்ற இடத்திலிருந்து கீழே மில் தெரிகிறதா என்று ஒருவர் கேட்டிருக்கிறார். அப்பா, "லீவுல வந்தும் அதையே ஏன்டே தேடுத?" என்றாராம்.

இப்போது தமிழ்நாட்டுப் பக்கமிருந்து அந்தப் பாதை கிடையாது. கேரளத்தில் போனக்காடு வழியாக அனுமதி வாங்கித்தான் போக முடியும். மகன் உடனே செல்போனில் தேட ஆரம்பித்தான். இங்கே சிக்னல் வரவில்லை. நல்லதுதான்.

செவ்வாய்

மதியம் ரயில். காலையில் சித்தப்பாவோடு டீக்கடை. அங்கே காலைப் பேப்பருக்குக் காத்திருக்கிற நாலைந்து பேர், எல்லோரும் மில்லில் ஓய்வு பெற்றவர்கள். பேப்பர் வந்ததும் முதலில் புரட்டுவது அணை நீர்மட்டம். பாபநாசம் 143 அடி, சேர்வலாறு 156, மணிமுத்தாறு 118. இந்த மூன்று முழுக் கொள்ளளவும் எல்லோருக்கும் மனப்பாடம், இன்றைக்கு எவ்வளவு என்பதுதான் செய்தி. அப்பாவும் சென்னையில் இதைத்தான் செய்தார். நெல்லைப் பதிப்பு கிடைக்காததால் தினமும் காலையில் சித்தப்பாவுக்குப் போன். நலம் விசாரிக்கிறார் என்று நான் நினைத்துக்கொண்டிருந்தேன், பேசியதெல்லாம் அடிக்கணக்கு.

நான் யார் என்று தெரிந்ததும் பெஞ்சில் இடம் கொடுத்தார்கள். ஆளுக்கொரு கதை. 1992 நவம்பர் வெள்ளத்தில் அப்பா இடுப்பளவு தண்ணீரில் நின்று ஒரு கிழவியைத் தூக்கி வந்தார் என்றார் ஒருவர். அது கிழவி இல்லை, ஆடு என்றார் இன்னொருவர். இரண்டும் நடந்தது என்று மூன்றாமவர் தீர்ப்புச் சொன்னார். 2023 டிசம்பர் வெள்ளத்தன்று அப்பா சென்னையிலிருந்து போன் செய்து, எந்தத் தெரு வரை தண்ணீர் ஏறும் என்று சரியாகச் சொன்னாராம். அதை மட்டும் யாரும் மறுக்கவில்லை.

குற்றாலம் சைக்கிள் பயணம் பற்றியும் பேச்சு வந்தது. சாரல் சீசனில் இரண்டாம் ஷிப்ட் வாரமாக அமைந்தால், விடியுமுன் கிளம்பிக் கடையம் வழியாகப் பழைய குற்றாலம் போய், நனைந்து, திரும்பி வந்து மதிய ஷிப்ட்டில் நிற்பார்களாம். எப்படி முடிந்தது என்று கேட்டேன்.

"முதல் சங்கு ஊதும்போது ஆழ்வார்குறிச்சி தாண்டியிருக்கணும். தாண்டலைன்னா மிதி" என்றார் அந்த மூன்றாமவர்.

அவர் என் மகனைப் பார்த்து, "நீ சைக்கிள் மிதிப்பியாடே?" என்று கேட்டார். ஜிம்மில் மிதிப்பேன் என்றான் இவன். ஜிம் என்றால் என்ன என்று அவருக்குத் தெரியும். ஆனாலும் விளக்கச் சொல்லி முழுவதையும் கேட்டார், நின்ற இடத்திலேயே மிதிப்பதா என்று இரண்டு தடவை உறுதி செய்துகொண்டார். பெஞ்சில் யாரும் சிரிப்பை அடக்க முயற்சி செய்யவில்லை. மகனும் சிரித்துவிட்டான். ஆடியில் வருகிறேன், சைக்கிள் கொடுங்கள் என்று கேட்டிருக்கிறான். சித்தப்பா தன்னுடையதைத் தருவதாகச் சொல்லிவிட்டார், செயின் மட்டும் மாற்ற வேண்டுமாம்.

அம்மா பஸ் ஸ்டாண்டில் எங்களுக்காகக் காத்திருக்கிறாள். கள்ளிடைக்குறிச்சியில் இறங்கி அப்பளம் வாங்கிக்கொண்டு அடுத்த வண்டியைப் பிடிக்கலாம் என்கிறாள். அடுத்த வண்டி எப்போது என்று பார்க்க வேண்டும்.